கரண்ட் போய்ப் போய் வரும் ஊரில் எஸ்கியூலைட்: கேட்வே பெட்டிக்கு ஏற்ற டேட்டாபேஸ்தானா?

சென்னையில் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை என்றால் காலை 9 மணிக்குப் போகும் கரண்ட் மதியம் 2 மணிக்குத்தான் வரும். அம்பத்தூர் தொழிற்பேட்டையிலோ காசிமேட்டுப் பக்கத்து மீன் குளிர்கிடங்கிலோ ஜெனரேட்டர் இருக்கும். ஆனாலும் லைன் போய் ஜெனரேட்டர் பிடிக்கிற சில நொடிகளில் சுவரில் மாட்டிய கேட்வே பெட்டி (சென்சார் அளவுகளைச் சேர்த்து கிளவுடுக்கு அனுப்பும் சிறு கணினி) செத்துப் பிழைக்கும். லைன் திரும்பும்போது இன்னொரு முறை. பெட்டிக்குள் எந்த டேட்டாபேஸை வைப்பது என்ற கேள்விக்கு விடை இந்த இரண்டு அணைப்புகளில்தான் இருக்கிறது.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். ராஸ்பெர்ரி பை போல லினக்ஸ் ஓடும் கேட்வே என்றால் எஸ்கியூலைட்டை வையுங்கள், தயங்க வேண்டாம். ஆனால் கையில் வந்தபடியே போட்டு ஓட்டினால் எஸ்டி கார்டு சீக்கிரம் தேயும். கரண்ட் போகிற நேரத்துப் பதிவுகள் எங்கே போயின என்று தெரியாமல் தேட வேண்டியிருக்கும். சரியாக அமைக்க ஒரு மாலை நேரம் போதும். இந்த மதிப்பீட்டின் பெரும்பகுதி அந்த அமைப்பைப் பற்றியதுதான்.

எஸ்கியூலைட் தனியாக ஓடும் சர்வர் கிடையாது. உங்கள் புரோகிராமுக்குள்ளேயே சேர்ந்துகொள்ளும் ஒரு சி லைப்ரரி. அளவு ஒரு எம்பிக்கும் குறைவு. ரிச்சர்டு ஹிப் 2000இல் வெளியிட்டது. பதிப்புரிமையே கோராமல் பொதுவில் விட்டிருப்பதால் லைசென்ஸ் செலவு இல்லை, வாடிக்கையாளரிடம் எந்த நிபந்தனையும் விளக்க வேண்டியதில்லை. 2050 வரை பராமரிப்பதாக உருவாக்கியவர்கள் அறிவித்திருக்கிறார்கள். பத்து வருடம் சுவரில் தொங்கப் போகிற பெட்டிக்கு இந்த வாக்குறுதி சாதாரண விஷயம் இல்லை. உங்கள் சட்டைப் பையில் இருக்கும் போனிலும் இதுதான் ஓடிக்கொண்டிருக்கிறது.

ஒரு குளிர்கிடங்கை எடுத்துக்கொள்வோம். 12 வெப்பநிலை சென்சார்கள், 10 நொடிக்கு ஒரு அளவு. ஒரு நாளைக்கு 1,03,680 பதிவுகள். நேரத்தை யூனிக்ஸ் நொடியாக முழு எண்ணில், வெப்பநிலையை நூறால் பெருக்கி முழு எண்ணில் (மைனஸ் 18.25 டிகிரி என்றால் மைனஸ் 1825) வைத்தால் ஒரு பதிவுக்குச் சுமார் 20 பைட்தான் ஆகும். நாளுக்கு 2 எம்பி. நேரத்தையே தேதி, மணி, நிமிடம் என எழுத்தாக வைத்தால் 4 பைட்டுக்குப் பதில் 19 பைட். புள்ளி வைத்த எண்ணாக வெப்பநிலையை வைத்தால் 2 பைட்டுக்குப் பதில் 8. இப்படியே சேர்ந்து ஃபைல் இரண்டு மடங்காகிவிடும்.

ஆனால் கார்டைக் கொல்வது ஃபைலின் அளவு இல்லை, கமிட்டின் (சேர்த்த பதிவுகளை உறுதி செய்து எழுதும் செயல்) எண்ணிக்கை. எஸ்கியூலைட் எதையும் பக்கம் பக்கமாகத்தான் எழுதும். ஒரு பக்கம் 4,096 பைட். 20 பைட் பதிவு ஒன்றைச் சேர்த்துக் கமிட் செய்தாலும் குறைந்தது ஒரு முழுப் பக்கம், கீழே வரும் 'வால்' முறையின் 24 பைட் தலைக்குறிப்போடு வெளியே போகும். ஒவ்வொரு பதிவுக்கும் ஒரு கமிட் என்றால் நாளுக்கு 427 எம்பி எழுத்து. இருக்கும் சரக்கோ 2 எம்பி. ஃபைல் சிஸ்டம் எழுதும் தன் கணக்கும், ஃபிளாஷ் சிப் உள்ளுக்குள் பெரிய பிளாக்குகளை அழித்து எழுதுவதும் இதற்கு மேல்.

அதே 12 சென்சாரின் அளவுகளை ஒரு நிமிடம் மெமரியில் சேர்த்து வைத்து, 72 பதிவுகளையும் ஒரே தொகுப்பாக, அதாவது ஒரே டிரான்சாக்‌ஷனில் எழுதினால் கமிட்டுக்கு இரண்டு மூன்று பக்கங்கள்தான் மாறும். நாளுக்கு 1,440 கமிட், எழுத்து 18 எம்பி அளவில் நின்றுவிடும். வேறு எந்த மாற்றமும் செய்யாமல் இது ஒன்றைச் செய்தாலே கார்டின் ஆயுள் பல மடங்கு கூடும். திடீரென்று கரண்ட் போனால் அதிகபட்சம் ஒரு நிமிட அளவுகள் போகும்; குளிர்கிடங்குக்கு அது பெரிய இழப்பு இல்லை. கதவு திறந்து கிடக்கிறது, கம்ப்ரசர் நின்றுவிட்டது போன்ற எச்சரிக்கைகளை மட்டும் காத்திருக்க விடாமல் அந்த நொடியே கமிட் செய்யுங்கள்.

அடுத்தது ஜர்னல் முறை, அதாவது எழுதும்போது கரண்ட் போனாலும் ஃபைல் கெடாமல் காக்கும் முறை. இயல்பாக வரும் ரோல்பேக் முறையை விட்டு 'வால்' (WAL, ரைட்-அஹெட் லாக்) முறைக்கு மாற்ற வேண்டும். 2010இல் 3.7.0 பதிப்பில் வந்தது இது. மாற்றங்கள் முதலில் பக்கத்தில் இருக்கும் தனி ஃபைலில் வரிசையாகச் சேரும். பிறகு செக்பாயிண்ட் நடக்கும்போது மூல ஃபைலுக்குப் போகும். எழுதுகிறவர் எழுத, படிக்கிறவர் படிக்கலாம். ஒருவருக்காக ஒருவர் காத்திருக்க வேண்டாம். இதை ஒரு முறை மாற்றினால் ஃபைலிலேயே பதிந்துவிடும். ஆனால் சிங்க்ரனஸ் அளவும் (டிஸ்க்கில் பதிந்ததை எவ்வளவு கறாராக உறுதி செய்வது) பிஸி டைம்அவுட்டும் (பூட்டு விலக எவ்வளவு நேரம் காத்திருப்பது) அப்படியில்லை: ஒவ்வொரு இணைப்பைத் திறக்கும்போதும் திரும்பச் சொல்ல வேண்டும். ஒரு புரோகிராமில் வைத்துவிட்டு, டாஷ்போர்டு புரோகிராமில் மறந்துவிடுவது அடிக்கடி நடக்கிற தவறு. டைம்அவுட்டை 5,000 மில்லிநொடி வையுங்கள்.

சிங்க்ரனஸ் விஷயத்தில் பரவலாகச் சொல்லப்படும் அறிவுரையோடு உடன்பட முடியவில்லை. 'வால் முறையில் நார்மல் போதும்' என்பார்கள். நார்மலில் ஃபைல் கெடாது என்பது உண்மைதான். ஆனால் நார்மலில் எஸ்கியூலைட் ஒவ்வொரு கமிட்டுக்கும் டிஸ்க்கில் பதியச் சொல்லாது. செக்பாயிண்ட் சமயத்தில்தான் சொல்லும். செக்பாயிண்ட் இயல்பாக 1,000 பக்கம் சேர்ந்த பிறகு வரும். நிமிடத்துக்கு மூன்று பக்கம் எழுதும் நம் பெட்டியில் 1,000 பக்கம் சேர ஐந்தரை மணி நேரம் ஆகும். அதுவரை லினக்ஸின் மையமான கர்னல் தன் போக்கில் எழுதியதை நம்பியிருக்க வேண்டும். நொடிக்கு நூறு கமிட் போடுகிற இடத்தில் நார்மல் நியாயம். நிமிடத்துக்கு ஒரு கமிட் என்று மாற்றிய பிறகு ஒவ்வொரு கமிட்டையும் டிஸ்க்கில் பதியச் சொல்லும் 'ஃபுல்' அளவை வைப்பதால் கூடும் சுமை கண்ணுக்கே தெரியாது. ஃபுல்லே வையுங்கள். பால் கொள்முதல் எடை, தண்ணீர் லாரியின் ஃப்ளோ மீட்டர் போலப் பணத்தோடு தொடர்புள்ள கணக்கு என்றால் இதில் பேச்சே இல்லை. அங்கே நிமிடக் கணக்கில் சேர்த்து வைக்கவும் கூடாது, ஒவ்வொரு பதிவும் உடனே கமிட் ஆக வேண்டும்.

இதே ஐந்தரை மணி நேரம் இன்னொரு இடத்திலும் கடிக்கும். சர்வீஸுக்குப் போகிறவர் ஓடிக்கொண்டிருக்கும் பெட்டியிலிருந்து டேட்டாபேஸ் ஃபைலை மட்டும் பென்டிரைவில் காப்பி செய்து வருவார். கூடவே இருக்கும் வால் ஃபைலை எடுக்க மாட்டார். காலையிலிருந்து நடந்தது எதுவும் அந்தக் காப்பியில் இருக்காது. காப்பி நடுவில் செக்பாயிண்ட் ஓடியிருந்தால் ஃபைலே கெட்டும் போகலாம். ஓடும் டேட்டாபேஸை எடுக்க பேக்கப் கட்டளை இருக்கிறது, 3.27 பதிப்பு முதல் 'வேக்யூம் இன்டூ' என்று சுத்தமான ஒரே ஃபைலாக எடுக்கவும் வழி இருக்கிறது. சர்வீஸ் ஆளுக்கு இதை ஒரு பட்டனாகவே செய்து கொடுப்பது நல்லது. புரோகிராமைத் தனி கன்டெய்னரில் அடைத்து ஓட்டும் டாக்கருக்குள் ஓட்டுகிறவர்களும் கவனிக்க வேண்டும்: ஃபைலை மட்டும் மவுண்ட் செய்யாமல் ஃபோல்டரையே மவுண்ட் செய்யுங்கள். இல்லாவிட்டால் வால் ஃபைல் கன்டெய்னருக்குள் தங்கி, கன்டெய்னரை நீக்கும்போது அதனோடு போய்விடும்.

'டேட்டாபேஸ் இஸ் லாக்ட்' என்ற செய்தியைப் பார்த்து எஸ்கியூலைட்டே ஆகாது என்று தூக்கிப் போட்டவர்கள் நிறைய. ஒரு நேரத்தில் ஒருவர்தான் எழுத முடியும் என்பது அதன் விதி. கேட்வேயில் ஒருவர் எழுதினாலே போதும். எழுதும் வேலையை ஒரே புரோசஸிடம் கொடுத்துவிடுங்கள். பைத்தானில் இன்னொரு பொறி உண்டு. இன்சர்ட் செய்ததும் பைத்தான் தானாக டிரான்சாக்‌ஷனைத் திறந்துவிடும். கமிட் சொல்ல மறந்தால் பூட்டு அப்படியே தொங்கும். படித்துவிட்டு அதே டிரான்சாக்‌ஷனில் எழுதப் போனால் டைம்அவுட் வைத்திருந்தும் உடனே மறுப்பு வரலாம், ஏனென்றால் நீங்கள் படித்த நிலை அதற்குள் பழையதாகியிருக்கும். எழுதப் போகிறோம் என்று முன்பே தெரிந்தால் 'பிகின் இம்மீடியட்' என்று தொடங்குங்கள். டாஷ்போர்டு ஒன்று மணிக்கணக்கில் ஒரு ரீட் டிரான்சாக்‌ஷனைத் திறந்தே வைத்திருந்தால் செக்பாயிண்ட் முடியாமல் வால் ஃபைல் வளர்ந்துகொண்டே போகும். கார்டு நிறைந்துவிட்டது என்று புகார் வந்தால் முதலில் அந்த ஃபைலின் அளவைப் பாருங்கள்.

இனி நெட்வொர்க். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது வேளச்சேரி, பள்ளிக்கரணை பக்கமெல்லாம் கரண்டும் மொபைல் சிக்னலும் நாள்கணக்கில் இல்லை. கிளவுடுக்கு அனுப்பும் பெட்டி எதுவானாலும் இப்படி ஒரு வாரத்தைத் தாங்க வேண்டும். நம் கணக்குப்படி ஏழு நாளுக்கு 15 எம்பி கூட வராது. இடம் ஒரு பிரச்சினையே இல்லை. அனுப்பும் முறையில்தான் தவறுகள் நடக்கின்றன.

பலரும் ஒவ்வொரு பதிவிலும் 'அனுப்பியாச்சு' என்று ஒரு நெடுவரிசை (column) வைத்து, அனுப்பிய பின் அதை 1 என்று மாற்றுவார்கள். ஒரு முறை எழுதிய பக்கத்தையெல்லாம் மறுபடி எழுதுகிற வேலை அது. அதைத் தேட ஒரு இண்டெக்ஸ் வைத்தால் அதுவும் மாறும். அதற்குப் பதில் ஒரே ஒரு வரி கொண்ட சின்ன டேபிளில் 'கடைசியாக அனுப்பிய எண்' என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு மேலுள்ள பதிவுகளை 500, 500ஆக எடுத்து அனுப்பி, சர்வர் பெற்றுக்கொண்டதாகச் சொன்ன பிறகு அந்த எண்ணை நகர்த்துங்கள்.

இந்த முறையில் ஒரு குழி இருக்கிறது, விழுந்தால் வெளியே தெரியாது. பதிவு எண்ணுக்கு 'ஆட்டோஇன்கிரிமென்ட்' வைக்காவிட்டால், டேபிளில் இப்போது இருக்கும் பெரிய எண்ணோடு ஒன்றைக் கூட்டித்தான் அடுத்த எண் வரும். அனுப்பி முடித்த பழைய பதிவுகளை அழிக்கும்போது டேபிள் முழுக்கக் காலியாகிவிட்டால் எண் மறுபடி 1இலிருந்து தொடங்கும். 'கடைசியாக அனுப்பியது 5,00,000' என்று குறிப்பு நிற்கும். புதுப் பதிவுகள் எல்லாம் அதற்குக் கீழே விழும். எதுவும் அனுப்பப்படாது, எந்தப் பிழையும் வராது. ஆட்டோஇன்கிரிமென்ட் தேவையில்லாத சுமை என்று பொதுவாகச் சொல்வார்கள். கமிட்டுக்கு ஒரு பக்கம் கூடுதலாக எழுதும் என்பது உண்மை. மேலே போட்ட 18 எம்பி கணக்கில் அதையும் சேர்த்தே சொல்லியிருக்கிறது. இந்த வேலைக்கு அது கட்டாயம் வேண்டும்.

சர்வர் பக்கமும் ஒரு ஏற்பாடு தேவை. சென்சார் செய்திகளை அனுப்பப் பயன்படும் எம்க்யூடிடி நெறிமுறையில் க்யூஓஎஸ் 1 தரும் உத்தரவாதம் 'குறைந்தது ஒரு முறை' என்பதுதான். பெற்ற பதில் வழியில் தொலைந்தால் அதே பதிவு இரண்டாம் முறையும் வரும். பெட்டியின் அடையாளமும் பதிவு எண்ணும் சேர்ந்து ஒரு முறைதான் இருக்கலாம் என்று யூனிக் கட்டுப்பாடு வைத்து, மறுபடி வந்தால் சத்தமில்லாமல் விட்டுவிடச் சொல்லுங்கள். கார்டை மாற்றினால் எண் மறுபடி 1 ஆகும் என்பதால் டேட்டாபேஸை உருவாக்கும்போதே 16 பைட் ரேண்டம் அடையாளம் ஒன்றையும் உள்ளே வைத்து, அதையும் சேர்த்து அனுப்புங்கள். இல்லாவிட்டால் புதுக் கார்டின் பதிவுகளைப் பழையது என்று நினைத்து சர்வர் தள்ளிவிடும்.

பழையதை அழித்ததும் ஃபைல் சிறுக்கவில்லை என்று கவலைப்பட வேண்டாம். காலியான பக்கங்களை எஸ்கியூலைட் அடுத்த பதிவுகளுக்குத் தானே பயன்படுத்திக்கொள்ளும். ஃபைலைச் சுருக்கும் வேக்யூம் கட்டளையை ஓட்டினால் முழு ஃபைலும் மறுபடி எழுதப்படும், இரண்டு மடங்கு இடமும் கேட்கும். கேட்வேயில் அதை ஓட்டாதீர்கள்.

கடிகாரம். ராஸ்பெர்ரி பை 4இல் ஆர்டிசி (கரண்ட் இல்லாதபோதும் நேரம் காக்கும் கடிகார சிப்) கிடையாது. கரண்ட் போய் வந்ததும் கடைசியாகச் சேமித்த பழைய நேரத்தில் எழும். நெட் கிடைக்கும் வரை பதிவுகள் எல்லாம் பழைய நேரத்திலேயே விழும். புயல் நாளில் நெட்டும் இருக்காது. டிஎஸ்3231 என்ற ஆர்டிசி மாட்யூல் ஒன்றை பையின் ஐ2சி இணைப்பில் மாட்டுங்கள், பட்டன் செல்லோடு. பை 5இல் ஆர்டிசி உள்ளேயே உண்டு, பேட்டரி மட்டும் தனியாக இணைக்க வேண்டும். எதுவானாலும் வரிசையைப் பதிவு எண்ணை வைத்தே தீர்மானியுங்கள், நேரத்தை வைத்து வேண்டாம்.

கார்டும் பவரும் சரியில்லையென்றால் மேலே சொன்ன எதுவும் நிற்காது. 'டிஸ்க்கில் பதிந்துவிட்டது' என்று கார்டு பொய் சொன்னால் எஸ்கியூலைட்டால் ஒன்றும் செய்ய முடியாது. மலிவுக் கார்டுகளில் அது நடக்கிறது. ரிச்சி தெருவில் கார்டு வாங்கினால் பில்லும் வாரண்டியும் கேட்டு வாங்குங்கள். வந்ததும் எஃப்3 கருவியால் முழுக் கொள்ளளவையும் எழுதிப் படித்துப் பாருங்கள். தொழிற்சாலைக்கென்று செய்த, தேய்மானம் குறைந்த பிஎஸ்எல்சி கார்டு பல மடங்கு விலைதான், பத்து பெட்டிக்கு மேல் வைக்கிறவர்களுக்கு அந்த விலை சர்வீஸ் பயணச் செலவில் திரும்பிவிடும். இஎம்எம்சி (போர்டிலேயே பதித்த ஃபிளாஷ் சேமிப்பு) உள்ள கம்ப்யூட் மாட்யூல் இன்னும் நல்லது. எண்ணூர், திருவொற்றியூர் போன்ற உப்புக் காற்றடிக்கும் இடத்தில் கார்டு ஸ்லாட்டின் தகடு அரிக்கும் தொல்லையும் இல்லை.

பவருக்குப் போன் சார்ஜர் வேண்டாம். பை 4க்கு 5 வோல்ட் 3 ஆம்ப், பை 5க்கு 5 வோல்ட் 5 ஆம்ப். அதைவிட நல்ல ஏற்பாடு, அலாரம் பெட்டிகளில் வரும் 12 வோல்ட் 7 ஆம்ப்-ஹவர் பேட்டரியும் ஒரு டிசி கன்வர்ட்டரும். 5 வாட் இழுக்கும் பெட்டியை ஐந்து மணி நேர மின்தடை முழுவதும் தாராளமாக ஓட்டும். ஜெனரேட்டர் மாறும் சமயத்தில் பெட்டி அணையவே அணையாது. இந்த மொத்த மதிப்பீட்டில் ஒரே ஒரு செலவைத்தான் செய்ய முடியும் என்றால் அது இந்த பேட்டரியாக இருக்கட்டும்.

பேட்டரி இருந்தாலும் சோதனையைத் தவிர்க்காதீர்கள். பெட்டியின் பவர் லைனில் ஒரு ரிலே, அதை இன்னொரு போர்டு இயக்கட்டும். எழுதும் வேகத்தை வழக்கத்தைவிடப் பத்து மடங்கு கூட்டி, 40 முதல் 90 நொடிக்குள் ஏதோ ஒரு நொடியில் பவரை அறுத்து, மறுபடி கொடுங்கள். ஒவ்வொரு முறை எழுந்ததும் ஃபைல் கெட்டிருக்கிறதா என்று பார்க்கும் 'குயிக் செக்' ஓட வேண்டும், பதிவு எண்களில் ஓட்டை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இரவு முழுக்க ஓடினால் நூற்றுக்கணக்கான அணைப்புகள் கிடைக்கும். ஒரு முறை கெட்டால்கூட அந்தக் கார்டு மாடலைப் பயன்படுத்தாதீர்கள். களத்தில் கெட்டுப்போன ஃபைல் கிடைத்தால் அழித்துவிட்டு ஆரம்பிக்க வேண்டாம். பெயரை மாற்றி வைத்துவிட்டுப் புது ஃபைலில் எழுதத் தொடங்குங்கள். கமாண்ட் லைனில் உள்ள 'ரிகவர்' பெரும்பாலான பதிவுகளை மீட்டுத் தரும்.

குறைகளும் உண்டு. எஸ்கியூலைட் டேட்டா வகையில் ரொம்பத் தாராளம்: எண் இருக்க வேண்டிய இடத்தில் '28.5சி' என்று எழுத்து வந்தாலும் வாங்கி வைத்துக்கொள்ளும். 3.37 பதிப்பில் வந்த 'ஸ்ட்ரிக்ட்' டேபிள் இதைத் தடுக்கும். ஆனால் ராஸ்பெர்ரி பை ஓஎஸ்ஸின் பழைய பதிப்பான புல்ஸ்ஐயில் இருப்பது 3.34, ஸ்ட்ரிக்ட் டேபிள் உள்ள ஃபைலை அங்கே திறக்கவே முடியாது. அதற்கு அடுத்த பதிப்பான புக்வார்மில் 3.40 இருக்கிறது, சிக்கல் இல்லை. டிஎஸ்18பி20 வெப்பநிலை சென்சாரிலிருந்து வரும் 85 டிகிரியை வகைக் கட்டுப்பாடோ, சென்சாரின் எல்லையை வைத்துப் போடும் கட்டுப்பாடோ பிடிக்காது, ஏனென்றால் அது சென்சாரின் எல்லைக்குள்தான் இருக்கிறது. பவர் வந்த உடனே, அளவெடுக்காமல் படித்தால் கிடைக்கும் எண் அது. எழுதுவதற்கு முன்பே புரோகிராமில் தனியாகப் பிரியுங்கள். என்கிரிப்ஷன் இலவசப் பதிப்பில் கிடையாது. வேண்டுமென்றால் எஸ்கியூஎல்சைஃபர் பக்கம் போக வேண்டும்.

மாற்றுகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஓபன்எல்டாப்புக்காக ஹோவர்டு சூ எழுதிய எல்எம்டிபி படிப்பதில் மிக வேகம், கரண்ட் போனாலும் உறுதியாக நிற்கும். ஆனால் கீ, வேல்யூ மட்டும்தான், ஃபைலின் உச்ச அளவை முன்பே சொல்ல வேண்டும், 32 பிட் ஓஎஸ்ஸில் அந்த அளவுக்கு எல்லை உண்டு. ஒரு ஜிபி ரேம் போர்டில் ராக்ஸ்டிபி தேவையில்லாத பாரம். இந்த எழுத்து வேகத்துக்கு அது எந்த நன்மையும் தராது. டக்டிபியைச் சிறு சிறு எழுத்துக்கு வைக்காதீர்கள். மாதக் கடைசியில் சராசரி, உச்சம் எல்லாம் எடுக்க அருமையான கருவி, எஸ்கியூலைட் ஃபைலை நேரடியாகவே படிக்கும். சிங்க் வசதியும் சேர்த்துத் தருகிறோம் என்று வருகிறவற்றில் கவனம் தேவை: போன் ஆப்களில் பயன்படும் ரெல்ம் டேட்டாபேஸுக்கான டிவைஸ் சிங்க் சேவையை மோங்கோடிபி 2024 செப்டம்பரில் கைவிடுவதாக அறிவித்து 2025 செப்டம்பரில் நிறுத்திவிட்டது.

இஎஸ்பி32 போன்ற சிறு மைக்ரோகண்ட்ரோலர் சிப்புகளில் எஸ்கியூலைட்டைத் திணிக்க வேண்டாம். 520 கேபி ரேமில் வைஃபையும் இணைப்பைப் பாதுகாக்கும் டிஎல்எஸ்ஸும் எடுத்தது போக மிஞ்சுவதில் அது மூச்சுத் திணறும். செட்டிங்குகளுக்கு என்விஎஸ், நேர வரிசை அளவுகளுக்கு ஃபிளாஷ்டிபி, ஃபைலாக வேண்டுமென்றால் லிட்டில்எஃப்எஸ். மூன்றும் கரண்ட் போவதை எதிர்பார்த்தே எழுதப்பட்டவை. அங்கிருந்து கேட்வேக்கு வந்த பிறகு எஸ்கியூலைட் பார்த்துக்கொள்ளும். இரண்டு கேட்வேக்கள் ஒரே ஃபைலை நெட்வொர்க் ஷேரில் வைத்து எழுதலாமா என்று கேட்பவர்களுக்கு: கூடாது. வால் முறை நெட்வொர்க் ஃபைல் சிஸ்டத்தில் வேலை செய்யாது. ஒவ்வொரு பெட்டிக்கும் தனி ஃபைல் வைத்து, சர்வரில் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் ஒன்றில் சேருங்கள்.